பழைய கார் வாங்கியாச்சு: கம்பெனி சர்வீஸா, பட்டறையா, நம் கையா?

பழைய கார் வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். கம்பெனி சர்வீஸில் விடலாமா, தெரிந்த பட்டறையில் கொடுக்கலாமா, இல்லை நாமே ஸ்பானரை எடுத்துவிடலாமா? மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர்கள் இதற்குச் சொல்கிற பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு, இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் இருக்கிற நாம் செய்தால் காசு வேண்டாத இடத்தில் போய்விடும். அங்கே வண்டி இன்ஜினில் தேய்கிறது, இங்கே உப்புக் காற்றில் துருப்பிடித்து அடியிலிருந்து அரிக்கிறது. அதனால் யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், யார் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள் என்று யோசிக்கச் சொல்வேன். இந்தக் கரையில் ஒரு வருடம் பழைய வண்டியை வைத்துப் பார்த்ததில் நான் கற்றது அதுதான்.

நான் வாங்கியது 2012 மாடல் வேகன் ஆர், பெட்ரோல், 78,000 கிலோமீட்டர் ஓடியது, மண்டபம் பக்கம் ஒரே ஓனர் கையில் இருந்தது. பெயிண்ட் பளபளவென்று இருந்தது, இன்ஜின் சத்தமே இல்லை, அடியில் புதுசாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தார்கள். கோட்டிங்கைப் பார்த்து நல்லா வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாங்கிய மூன்றாம் நாள் காலை, கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கிற விளிம்பு நெடுக ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் எல்லாம் டங் டங் என்று கேட்டது. பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் சத்தம் பொத்தென்று மாறியது. நகத்தால் கீறினேன், கறுப்பு கோட்டிங்கோடு சேர்ந்து துரு, காய்ந்த மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காய் உதிர்ந்தது. பக்கத்திலேயே தண்ணீர் வடிவதற்கு விட்டிருக்கிற சின்னத் துளை அடைத்துக் கிடந்தது. ஒரு ஈர்க்குச்சியை விட்டு நோண்டியதும் ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, ஆனால் அந்த மணல் இன்னும் ஈரமாக இருந்தது.

அந்த ஈரம்தான் விஷயம். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் உப்பு படிந்த இரும்பு வெயில் காலத்திலும் முழுசாகக் காய்வதில்லை. வெறும் தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் துருப்பிடிக்கிற வேலையும் வேகமாக நடக்கும். மண்டபத்தில் வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் இருக்கிறது, கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் உப்பு வந்து சேரும். பாம்பன் பாலத்தில் நின்று போட்டோ எடுத்தவர்களுக்கும், 2017-இல் ரோடு திறந்த பிறகு அரிச்சல்முனை வரை காரிலேயே போய் வருபவர்களுக்கும் கண்ணாடியில் படிகிற வெள்ளைப் படலம் தெரியும். அதே படலம் அடியிலும் படிகிறது, அதை யாரும் துடைப்பதில்லை.

சரி, மூன்று வழிகளையும் பார்ப்போம். கம்பெனி சர்வீஸ் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய வண்டிக்கு அது வேஸ்ட் என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வண்டி நம்பரைக் கொடுத்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர்களில் முன்பு நடந்த வேலைகளைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட முடியும். எந்த வருடம் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று வரிசையாகத் தெரிந்தால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதும் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். சேசிஸ் நம்பரை வைத்து ரீகால் (தயாரிப்பில் இருந்த குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுவது) ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்க்கலாம், இருந்தால் அந்த வேலையை இலவசமாகவே செய்வார்கள். ஏர்பேக் லைட், ஏ.பி.எஸ். லைட், இன்ஜின் செக் லைட் எரிகிற வண்டி என்றால் சரியான ஸ்கேனரும் வயரிங் படமும் அங்கேதான் இருக்கும். இந்த மாதிரி விஷயங்களுக்கு ஒரு தடவை போய் வருவது காசுக்கு மதிப்பானது.

ஆனால் வழக்கமான சர்வீஸுக்கு அங்கேயே விடுவதில் எனக்கு இரண்டு குறை. ஒன்று, லேபரும் அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும், அப்புறம் நாம் கேட்காத கிளீனிங், பாலிஷ் பேக்கேஜ்களும். இரண்டாவதுதான் பெரிய குறை, அவர்களுடைய செக் லிஸ்ட் கிலோமீட்டரை வைத்துப் போட்டது, கடற்கரையை வைத்துப் போட்டதல்ல. நான் விட்ட இடத்தில் 6,400 ரூபாய் பில் வந்தது, அதில் அடிப்பாகம் 'ஓகே' என்று டிக் அடித்திருந்தார்கள். உதிர்ந்த இடத்தைக் காட்டிக் கேட்டபோது, மேலே இன்னொரு கோட்டிங் அடித்துத் தருகிறோம், தனிச் சார்ஜ் என்றார்கள். துருவைச் சுரண்டாமல் அதன் மேல் கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. எனக்கு விற்றவர் செய்ததும் அதுவேதான்.

பட்டறைக்கு வருவோம். இராமநாதபுரம் டவுனிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகவும் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், இந்தக் கரையில் அவர்களுக்கு இருக்கிற ஒரு திறமை வேறெங்கும் கிடைக்காது. துருப்பிடித்து இறுகிய போல்ட்டை உடைக்காமல் கழற்றுவதுதான் அது. என் வண்டியில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருந்தது, பள்ளத்தில் இறங்கினால் கட் கட் என்று சத்தம். உச்சிப்புளியில் நான் போகிற பட்டறை அண்ணன் வண்டியைக் குழி மேல் நிறுத்தி, லைட்டைப் போட்டு அடியில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, போல்ட்டுகளில் எண்ணெயை அடித்துவிட்டு ஸ்பானரையே தொடாமல் மேலே ஏறி வந்துவிட்டார்.

"அண்ணே, இன்னைக்கே முடிஞ்சிராதா?"

"இன்னைக்குத் திருகுனா தலை முறிஞ்சிரும் தம்பி. ராத்திரி முழுக்க ஊறட்டும். நாளைக்குக் காலைல சூடு காட்டிக் கழட்டுவோம்."

மறுநாள் கேஸ் டார்ச்சால் நட்டைச் சுற்றி மட்டும் சூடு காட்டினார், நெருப்பு ரப்பரில் படாமல் ஈரச் சாக்கை மடித்து வைத்துக்கொண்டார். நட்டு சிவக்கக்கூட இல்லை, ஒரு கிரீச் சத்தம் கேட்டது, அப்புறம் கையாலேயே கழன்று வந்தது. மாட்டும்போது போல்ட் மரையில் மெலிசாக கிரீஸ் தடவினார். அடுத்த தடவை கழற்றப் போகிறவன் திட்டக் கூடாது இல்லையா என்றார். இப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் அவரை விடக் கூடாது. அவசரப்பட்டுத் திருகி, போல்ட் முறிந்து, டிரில் போட்டு, அதற்கு வெல்டிங், லேத் என்று ஒரு நாள் வேலை ஒரு வாரமாக இழுத்த கதைகளை இந்தப் பக்கம் நிறையவே கேட்கலாம்.

பட்டறையில் கவனிக்க வேண்டியதையும் சொல்ல வேண்டும். பேரலிலிருந்து ஊற்றுகிற ஆயில் வேண்டவே வேண்டாம், கையேட்டில் போட்டிருக்கிற கிரேடு ஆயிலை சீல் உடைக்காத டப்பாவாக நீங்களே வாங்கிப் போங்கள். என் வண்டிக்கு 5டபிள்யூ-30, கிட்டத்தட்ட மூன்று லிட்டர் பிடிக்கும். ஃபில்டர், பிரேக் பேடு, புஷ் எல்லாவற்றையும் ஸ்பேர் கடையில் பில்லோடு வாங்கிக் கொடுத்து, மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார். ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்குகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, ஆயில் தேங்குகிற சம்ப்பில் மரை போய்விட்டால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். புது வாஷர் போட்டு அளவாக இறுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ரேடியேட்டரில் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிடவே கூடாது. நம் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதை ஊற்றினால் உள்ளே படிவு கட்டும், அலுமினியத்தை அரிக்கும், வாட்டர் பம்ப்பும் கெடும். ரெடிமிக்ஸ் கூலண்ட் ஊற்றலாம், இல்லையென்றால் கூலண்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றலாம். வாங்கிய வண்டியின் ரிசர்வ் டாங்கில் துருக் கலரில் தண்ணீர் இருந்தால், முன்னால் வைத்திருந்தவர் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம், அதை முழுசாகக் கழுவி மாற்றிவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சி முகத்திலேயே அடிக்கும்.

இனி மூன்றாவது வழி, நம் கை. யூடியூப் பார்த்து எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நினைப்பவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டு வாசல் மணல். மணலில் ஜாக்கி வைத்தால் ஏற்றும்போது தெரியாது, பாரம் இறங்க இறங்க ஒரு பக்கமாகப் புதையும். பஞ்சருக்கு டயர் மாற்றும்போது கூட ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட விடக் கூடாது, ஸ்டாண்டு வைத்தாலும் கீழே கெட்டித் தரை வேண்டும். அதிலும் ஜாக்கி வைக்கிற விளிம்பே என் வண்டி மாதிரி துருப்பிடித்திருந்தால் தகடு மடங்கி வண்டி சரிந்துவிடும். அதனால் அடியில் படுத்துச் செய்கிற வேலை எதையும், ஆயில் மாற்றுவது உட்பட, வீட்டில் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆயில் மாற்ற பட்டறையில் லேபர் 300, 400 ரூபாய்தான், அவர்களிடம் குழி இருக்கிறது, வடித்த ஆயிலை எங்கே கொடுப்பது என்கிற பிரச்சினையும் நமக்கு இல்லை. பிரேக் வேலையும் அப்படித்தான், பழகாத கையால் தொடக் கூடாது.

ஆனால் இந்தக் கரையில் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிற வேலைகள் வருடத்துக்கு ஒரு முறை செய்கிற பெரிய வேலைகள் அல்ல. மாதா மாதம் செய்கிற சின்ன வேலைகள்தான், அதை எந்தச் சர்வீஸ் சென்டரும் பட்டறையும் நமக்குச் செய்து தராது. கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர் சர்வீஸில் விட்டால் அடியில் பிரஷரில் அடித்துத் தருவார்கள், பார்க்கச் சுத்தமாக இருக்கும். அங்கே அடிக்கிற தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்தத் தண்ணீரால் கழுவுவதும் அலையில் நிறுத்துவதும் கிட்டத்தட்ட ஒன்று. நல்ல தண்ணீர் பயன்படுத்துகிற இடமாகத் தேடிப் போங்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு குடம் எடுத்து வைத்து, கை ஸ்பிரேயரில் ஊற்றி, சக்கர வளைவு, கதவு விளிம்பு, அடிப்பகுதி என்று அடித்தால் போதும். குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் காரை முழுசாகக் குளிப்பாட்ட யாரும் சொல்ல மாட்டார்கள், அடிப்பாகத்துக்கு மட்டும் மாதம் இரண்டு தடவை ஒதுக்குங்கள். தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே அடித்துவிடுவது நல்லது.

அதோடு அந்த ஈர்க்குச்சி வேலை. நான்கு கதவின் அடியிலும், சைடு விளிம்பிலும், டிக்கி ஓரத்திலும் வடிகால் துளைகள் இருக்கும், மாதம் ஒரு தடவை குத்திவிடுங்கள். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் நெகட்டிவைக் கழற்றி, சமையல் சோடாவை வெந்நீரில் கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், வைப்பர் பிளேடு, பல்பு எல்லாம் வீட்டிலேயே மாற்றக்கூடியவை, பெரும்பாலும் ஸ்பானர்கூடத் தேவைப்படாது.

டயரும் நம் கையில்தான். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில், பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், வெயிலில் நின்ற ரப்பர் பார்க்க நன்றாக இருந்தாலும் இறுகிப் போயிருக்கும். சீமைக் கருவேல முள் நம் ஊரில் எங்கும் இருக்கிறது, உள்ளேயே முறிந்து நின்று இரண்டு நாளைக்கு ஒரு தடவை காற்று குறைய வைக்கும். ஒரே டயரில் திரும்பத் திரும்பக் காற்று குறைந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

இந்த மூன்றிலும் யாருக்குக் கொடுப்பது என்று மனம் தடுமாறுகிற வேலைகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது ஏ.சி. கடற்கரை வண்டியில் கூலிங் குறைந்தால் கேஸ் ஏற்றிவிட்டு அனுப்புகிற கடைகள் உண்டு, மூன்று மாதத்தில் மறுபடி குறையும். முன்னால் ரேடியேட்டருக்கு முன் இருக்கிற கண்டன்சர் உப்புக் காற்றை நேராக வாங்குகிறது, அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் பொடிந்து கசிவு வரும். நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கிற ஏ.சி. கடையில் மட்டும் கொடுங்கள், கம்பெனியில் கண்டன்சரையே மாற்றச் சொல்வார்கள், சில சமயம் அது தேவைதான். இரண்டாவது டிங்கரிங். என் வண்டியின் அந்த விளிம்பை டவுனில் ஒரு டிங்கரிங் கடையில் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பிரைமர் அடித்து, உள்பக்கம் மெழுகு மாதிரியான துரு தடுப்பு ஸ்பிரே அடித்தேன், 7,500 ரூபாய் ஆனது. இன்னொரு கடையில் 2,000 ரூபாய்க்குப் பட்டி (பள்ளத்தை நிரப்புகிற பசை) வைத்துப் பூசித் தருகிறேன் என்றார்கள். கதவில் பட்ட நெளிவுக்குப் பட்டி சரி. பாரம் தாங்குகிற விளிம்பில் பட்டி வைப்பது விபத்தில் உயிரோடு விளையாடுவது, யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

பழைய ஆயிலை அடியில் அடித்தால் துருப்பிடிக்காது என்று இங்கே நிறையப் பேர் சொல்வார்கள். இரும்பில் ஈரம் ஒட்டாது என்பது உண்மைதான், ஆனால் அதே ஆயில் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, மீதி மணலில் சொட்டி நிலத்தடிக்குப் போகும், இருக்கிற நல்ல தண்ணீரே கொஞ்சம்தான் இங்கே. மெழுகு வகை ஸ்பிரே வருடம் ஒரு தடவை அடிப்பது அதைவிட நல்லது. அடிப்பதற்கு முன் வயர் பிரஷ் போட்டுச் சுரண்டி, கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள், ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எதுவும் காயாது.

கையில் 15,000 ரூபாய்தான் இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் என் வரிசை இது. முதலில் பட்டறைக் குழியில் நிறுத்தி நீங்களும் உள்ளே இறங்கி ஒரு மணி நேரம் பாருங்கள்: பிரேக் பைப்பில் துரு, சைலன்சரில் ஓட்டை, சஸ்பென்ஷன் பாடியில் மாட்டியிருக்கிற இடங்கள், விளிம்புகள், எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து ஒப்பிட உதவும். அடுத்து பிரேக். பேடு மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றுவதோடு, பேடை அழுத்துகிற காலிப்பரின் பின் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று கழற்றிப் பார்த்து அதற்கான கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் கொதிக்கிற சூடு குறைந்து, தொடர்ந்து பிரேக் அடிக்கும்போது பெடல் இறங்கிவிடும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று நமக்குத் தெரியாததால் மாற்றிவிடுவதுதான் சரி, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அப்புறம்தான் ஆயில், ஃபில்டர், கூலண்ட். இன்ஜினுக்குள் வால்வுகளை ஓட்டுகிற டைமிங், செயினா பெல்ட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேகன் ஆர் ஒரு லிட்டர் கே சீரிஸ் இன்ஜினில் செயின், அதனால் எனக்குப் பெல்ட் மாற்றுகிற செலவு இல்லை. பழைய சான்ட்ரோ ஜிங் வாங்கியவர்களுக்குப் பெல்ட், மாற்றிய பில் இல்லையென்றால் ஆயிலுக்கும் முன்னால் அதை மாற்ற வேண்டும். சீட் கவர், ஸ்டீரியோ எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதற்குக் காசே ஆகாது. வண்டியை நாலைந்து நாள் எடுக்காமல் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைக்காதீர்கள். உப்பு ஈரத்தில் பின் டிரம்மும் ஷூவும் ஒட்டிக்கொள்ளும், கேபிளும் உள்ளே இறுகிவிடும். சமதரையாகப் பார்த்து நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், எடுக்கும்போது கல்லை எடுக்க மறந்துவிடாமல் இருக்க ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போங்கள்.